மதியம் பூக்கும் வரிசைகள்

புளிச்சைப் பூ விடிகிற நேரத்தில் விரியும், உச்சிப்பொழுதுக்குள் சுருண்டுவிடும். இருபத்தெட்டு வருடமாக இந்த ஒரு செடியோடுதான் குடும்பம் நடத்துகிறேன், எனக்குத் தெரியாதா? அதனால் மயிலாத்தாள் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்தபடி வந்து நின்று, "டாக்டரம்மா, இருபத்திரெண்டாவது வரிசை பதினொண்ணு நாப்பதுக்குப் பூக்குதுங்க" என்றபோது ஆச்சரியம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"உன் கடிகாரத்துக்கு பேட்டரி மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு?"

"கடியாரம் சரியாத்தானுங்க ஓடுது. மூணு நாளாப் பாத்துட்டுத்தானுங்க சொல்றேன்."

"மூணு நாளா வாயில என்ன வச்சிருந்தே?"

"நீங்க திட்டுவீங்கன்னுதானுங்க."

அது உண்மை. நான் திட்டுவேன். கோவில்பட்டிக்காரி செண்பகவல்லியின் வாய்க்குப் பயந்து இந்தப் பண்ணையில் ஆடுகூட வரப்பு தாண்டாது என்று பேச்சு. ஊரில் எல்லோருக்கும் நான் டாக்டரம்மா. ஊசி போடத் தெரியாத டாக்டர் என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பதும் தெரியும். அந்தியூரைத் தாண்டி, பர்கூர் மலை அடிவாரத்தில் எங்கள் நார்ப் பயிர்ப் பண்ணை. சந்தையில் கட்டாக விற்கிற புளிச்சக்கீரை இருக்கிறதே, அதன் நெட்டைப் பங்காளிதான் எங்கள் செடி. பத்தடி உயரம். தண்டின் பட்டையில் நார். பூ வந்துவிட்டால் தண்டு வளராது, நாரும் நீளாது. எனவே விதைக்குக் காமாக் கதிர் காட்டி, மரபணுவில் எங்காவது ஒரு எழுத்து தவறி, பூக்கும் நாளைத் தள்ளிப்போடுகிற ஒரு செடி கிடைக்காதா என்று தேடுவதுதான் என் பிழைப்பு.

"சரி, வா" என்று குடையை எடுத்தேன்.

போகிற பாத்தி எது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன ஐப்பசியில் அந்தப் பாத்தியில்தான் அவள் வீட்டுக்காரர் ஆறுச்சாமி செத்துக் கிடந்தார்.

அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. போன வருடம் அங்கே பல நூறு செடி அடர்ந்து நின்றது. அதற்குள் கிணற்றுப் பக்கமிருந்து வரப்பு வரைக்கும், இரண்டடிக்கு ஒன்றாக நாற்பது செடியைத் தேர்ந்தெடுத்து எண் அட்டை கட்டியிருந்தோம். கிணற்றோரம் ஒன்று, வரப்போரம் நாற்பது. தேனீ வேறு மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடக் கூடாது என்று மொட்டுக்கு எல்லாம் காகிதப் பை. பை கட்டிய பிறகு உள்ளே யாரும் நுழையக் கூடாது. அது என் சட்டம். ஒரு பை கிழிந்தால் மூன்று வருட உழைப்பு மண். ஆறுச்சாமிக்கு மட்டும் அனுமதி. செருப்பைக் கிணற்றடியில் விட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, பக்கவாட்டில் நடப்பார். ஒரு இலை மேலே படாது. 'காத்துக்கு வேட்டி கட்டிவிட்டாப்பல போறாரு' என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

அன்று காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனார். பன்னிரண்டு மணிக்கு மயிலாத்தாள் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தாள். கூப்பிட்டாள். பதில் இல்லை. "உள்ள போயிப் பாத்துட்டு வந்தர்றனுங்க" என்றாள். நான் விடவில்லை. "அந்தப் பக்கமா ஏறி டீ குடிக்கப் போயிருப்பாரு. நீ உள்ள போனா ஒரு பை மிஞ்சாது" என்றேன். அவள் வரப்பிலேயே நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று ஐம்பதுக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. "வீட்டுக்குப் போயிருப்பாரு, போய்ப் பாரு. இங்க நின்னு கத்தாதே" என்று விரட்டினேன். மூன்று பத்துக்கு நானே போய்ப் பார்த்தபோது முப்பத்தொன்றாம் செடியடியில் கிடந்தார். உடம்பு ஆறிக்கொண்டிருந்தது.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். 'இரண்டே முக்காலுக்கு அவரை வரப்பில் பார்த்தேன். பைகளில் ஒன்றுகூடக் கிழியவில்லை. எனவே விழுந்தவுடன் உயிர் பிரிந்திருக்க வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது வாக்கியம் உண்மை, மூன்றாவது அனுமானம். முதல் வாக்கியம் முழுப் பூசணிக்காய். ஒன்பது மணிக்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை. அவஸ்தைப்படாமல் போய்ச் சேர்ந்தார் என்று ஊரே மயிலாத்தாளுக்கு ஆறுதல் சொன்னது. நானும் சொன்னேன். அவர் பார்த்த வேலையில் ஒரு பாதியான, பூ விரியும் நேரத்தைப் பதிவேட்டில் குறிக்கும் வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன். எட்டாவது வரை படித்தவள், எழுத்து மணிமணியாக இருக்கும்.

இந்த வருடம் அந்த நாற்பது செடியின் விதையை அதே ஒழுங்கில் விதைத்தோம். அது எங்கள் வழக்கம். ஒரு செடியின் விதை மறுவருடம் ஒரு வரிசை. கிணற்றோரம் முதல் வரிசை, வரப்போரம் நாற்பதாவது. எண் மாறினால் தாய் பிள்ளை தெரியாமல் போய்விடும்.

நான் போனபோது மணி பதினொன்று முப்பத்தைந்து. மற்ற வரிசைகளில் காலைப் பூ வாடத் தொடங்கியிருந்தது. இருபத்திரண்டாம் வரிசை மட்டும் மற்றவற்றைவிட நான்கடி உயர்ந்து, இறுகிய மொட்டோடு நின்றது. பார்த்துக்கொண்டே இருக்கையில் வரிசையில் இருந்த பூ முழுவதும் விரிந்தது. வெளிர் மஞ்சள், நடுவில் கறுத்த சிவப்பு. பதினைந்து நிமிடம் இருந்திருக்கும். பிறகு மூடியது. மூடியதும் இருபத்து மூன்று விரிந்தது.

"இப்படியே போகுமுங்க" என்றாள் மயிலாத்தாள். "முப்பத்தொண்ணு வரைக்கும். ஒண்ணு மூடுனாத்தான் ஒண்ணு. கடேசியா முப்பத்தொண்ணு ஒண்ணு அம்பதுக்கு விரியுது. அது மூடறதுக்கு மூணு பத்து ஆயிருதுங்க."

மூன்று பத்து என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் குடையை முகத்துக்கு இறக்கிக்கொண்டேன்.

மேலாளர் ஞானசுந்தரம் வந்து பார்த்துக் குதித்தார்.

"பதினாலு அடி மேடம்! பூக்கறதே மூணு வாரம் லேட்டு! நார் நீளம் என்னாகும்? இந்தப் பத்து வரிசையையும் தனி ரகமா வெளியிட்டுரலாம். என்ன மாத்தம் இது?"

"அதான் தெரியலை."

"தெரியாம எப்படி? கதிர் காட்டுனதுதானே?"

"கதிர் நாப்பதுக்கும் காட்டினோம். நாப்பதும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க. இந்தப் பத்துக்கு மட்டும் என்னமோ நடந்திருக்கு."

"அந்த என்னமோவை ஒரு வரியில எழுதிக் கையெழுத்துப் போடுங்க. விண்ணப்பத்துல 'தோற்றம்'னு ஒரு பத்தி இருக்கு, அவ்வளவுதான்" என்று கிளம்பிவிட்டார்.

பத்து வரிசை என்று அவர் எண்ணியது தவறு. பதினொன்று. மறுநாள் நான்தான் கவனித்தேன். வரப்போரம் நாற்பதாவது வரிசையும் நெட்டையாக நின்றது. அது பன்னிரண்டு மணிக்கு விரிந்து, ஒன்று ஐம்பதுக்குச் சுருண்டது. அதன் முன்னால் நின்றபோது, நான் போன வருடம் போட்ட சத்தம் எனக்கே திரும்பக் கேட்டது.

'செடியை விடு மயிலாத்தா! அதைப் புடிச்சிக்கிட்டுத்தான் கூப்பிடணுமா?'

அன்று அவள் நாற்பதாம் செடியின் தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டிலிருந்து ஒன்று ஐம்பது வரை. நான் இரண்டு தடவை அதட்டியும் விடவில்லை.

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். தொட்டால் செடிக்குத் தெரியும், அது புதிதில்லை. அடிக்கடி தொட்ட செடி வளர்ச்சியை மாற்றிக்கொள்ளும், பூவைத் தள்ளிப்போடும். ஆனால் அந்த நினைப்பு விதைக்குள் போகிறபோது சிலேட்டைத் துடைப்பதுபோல் துடைத்துவிடப்படும். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் கதிர் துடைக்கிற அந்த மரபணுவைத்தான் கெடுத்திருக்கிறது. பை கட்டுகிற கை இரண்டு விநாடி படும், அதைச் செடி கணக்கில் வைக்கவில்லை. நிமிடக்கணக்கில் இறுக்கிப் பிடித்த பிடி, அது எந்த மணிக்கு, எவ்வளவு நேரம் என்பது வரைக்கும், அடுத்த தலைமுறைக்கு அப்படியே போயிருக்கிறது.

அப்படியானால் இருபத்திரண்டைப் பதினொன்று நாற்பதுக்குப் பிடித்தது யார்?

அன்று மாலை அந்தியூரில் ஊசி போடத் தெரிந்த ஒரு டாக்டரிடம் போய், யாருக்கோ நடந்ததுபோலக் கேட்டேன். "மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்கலாம். ஒரு பக்கம் விழுந்துரும், பேச்சு போயிரும். காது கேக்கும். சில பேர் மணிக்கணக்குல தாக்குப்பிடிப்பாங்க. சீக்கிரம் கொண்டுவந்தா பொழைக்கறவங்களும் உண்டு" என்றார். ஃபீஸ்கூட வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துத் தண்ணீர் கொடுத்தார்.

பதினொன்று நாற்பதுக்கு இருபத்திரண்டாம் செடியடியில் விழுந்திருக்கிறார். ஒரு கையால் அடித்தண்டைப் பிடித்து உடம்பை இழுத்திருக்கிறார். இரண்டடி. கொஞ்சம் கிடந்துவிட்டு அடுத்த தண்டு. கிணறு பக்கம் போகவில்லை. சோறு வருகிற வரப்பை நோக்கி, பன்னிரண்டுக்குப் பிறகு குரல் வந்த பக்கம் போயிருக்கிறார். நுனியில் தொங்கிய பைகளில் ஒன்றுகூடக் கிழியவில்லை. தண்டை அடியோடு பிடித்திருக்கிறார், மேலே ஆடாமல் இருக்க. பாவி மனுசன், சாகிறபோதும் என் சட்டத்தை மீறவில்லை. அந்தக் கிழியாத பைகளைத்தான் நான் சாட்சியாக எழுதிக் கொடுத்தேன்.

ஒன்று ஐம்பதுக்கு அவள் குரல் நின்றது. நான் நிறுத்தினேன். முப்பத்தொன்றுக்குப் பிறகு அவர் நகரவில்லை. மூன்று பத்துக்கு நான் போய்த் தூக்கும்வரை அந்தத் தண்டை அவர் கை விடவில்லை.

பத்து நாள் நான் பாத்திப் பக்கம் போகவில்லை. போகாமல் என்ன? பதினொன்று நாற்பது ஆனால் என் கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போகும். கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு இருபத்து மூன்று, இருபத்து நான்கு என்று எண்ணுவேன். கொதித்துக்கொண்டிருக்கிற உலையை மூடியால் அழுத்திப் பிடித்திருப்பதுபோல இருக்கும் மூன்று பத்து வரைக்கும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுக்கவில்லை, என்னைத் தின்றது.

ஞானசுந்தரம் விண்ணப்பத்தோடு வந்து நின்றார். "இந்த ரகம் வெளிய போனா அடுத்த வருஷம் மூணு தாலுகாவுல இதுதான் மேடம்."

மூன்று தாலுகா. ஒவ்வொரு காட்டிலும், ஒவ்வொரு மதியமும், அந்த மனிதன் பிடித்த பிடி விரிந்து மூடும். யாருக்கும் தெரியாது. அறுத்துக் கயிறு திரிப்பார்கள்.

"கதிரால் வந்த மாற்றம்னு எழுதுங்க, போதும்" என்றார்.

"பொய்யாச்சே."

"பாதி நெஜந்தானே மேடம்?"

"பாதி நிஜம் எழுதுற பழக்கம் எனக்கு ஏற்கெனவே இருக்கு. அதை விடலாம்னு பார்க்கேன்" என்று சொல்லிவிட்டு, காகிதத்தை அங்கேயே போட்டுவிட்டு நடந்தேன். மணி ஒன்றரை.

மயிலாத்தாள் வரப்பில் நின்றிருந்தாள். நாற்பதாம் வரிசை பூத்து நின்றது. தூரத்தில் முப்பது விரிந்திருந்தது. என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல், சட்டென்று நடுவில் தொடங்கினேன்.

"ரெண்டே முக்காலுக்கு நான் அவரைப் பார்த்தேன்னு சொன்னது பொய் மயிலாத்தா. நான் பார்க்கலை. நீ கூப்பிட்டப்ப அவர் உள்ளதான் இருந்தாரு. உசிரோட இருந்தாரு. உன்னை உள்ள விட்டிருந்தா…"

அவள் பதிவேட்டை மூடினாள்.

"தெரியுமுங்க."

"எப்படி?"

"என்ற கையில எழுதறதுங்க. எழுதறவளுக்குத் தெரியாதுங்ளா? நாப்பதாவதை நான் புடிச்சிருந்தது எனக்குத் தெரியாதுங்ளா? மூணாவது நாளே புரிஞ்சுபோச்சுங்க. நீங்க சொல்றீங்களான்னு பாத்துட்டு இருந்தேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. "திட்டேன், ரெண்டு அடிகூட அடி" என்றேன்.

"உங்களை மன்னிச்சுட்டேன்னு என்ற வாயில வராதுங்க டாக்டரம்மா. வராததைச் சொல்லக் கூடாதுங்க." பாத்தியின் பக்கம் திரும்பினாள். "ஒரு வருசமா எனக்கு ஒரே நெனப்புங்க. அத்தனை நேரம் தொண்டை கிழியக் கூப்புட்டமே, அவிய காதுல உளுந்துச்சா இல்லியான்னு. உளுந்துருக்குதுங்க. கேட்டுட்டு வந்துருக்கறாரு. நான் போனதுக்கப்புறம் எங்கடா சத்தத்தைக் காணமேன்னு கெடந்துருப்பாரு."

ஒன்று ஐம்பது. எங்கள் முன்னால் நாற்பது சுருண்டது. அங்கே முப்பத்தொன்று விரிந்தது. இடையில் எட்டு வரிசை, பதினெட்டு அடி.

"உள்ள போறனுங்க" என்றாள்.

இந்த வருடமும் வரிசைக்கு ஒரு செடிக்குப் பை கட்டியிருந்தது. கேட்கவில்லை அவள், சொன்னாள். நான் வழிவிட்டேன். அவள் செருப்பைக் கழற்றவில்லை, பக்கவாட்டில் நடக்கவில்லை. நேராகப் போனாள். பைகள் சரசரவென்று கிழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முப்பத்தொன்றாம் வரிசையில் பை கட்டிய செடியின் தண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னமோ பேசினாள், எனக்குக் கேட்கவில்லை. பத்து நிமிடம் கழித்து அதை விட்டு முப்பத்திரண்டைப் பிடித்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவள் என்ன செய்கிறாள் என்று. கீழே கிடந்த பதிவேட்டை எடுத்து நேரத்தை எழுத ஆரம்பித்தேன். என் கையெழுத்து கோணல்மாணலாக வந்தது.

வரப்புக்கு வந்து நாற்பதை மறுபடியும் பிடித்தபோது மணி மூன்று இருபது.

என் வாக்குமூலத்தைத் திருத்தி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். விண்ணப்பத்தில் 'தோற்றம்' என்ற பத்தியிலும் நடந்ததை எழுதினேன். அதைப் படித்துவிட்டு ரகம் வேண்டாம் என்றுவிட்டார்கள், நானும் வேண்டாம் என்றுவிட்டார்கள். விசாரணை நடக்கிறது. நடக்கட்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், இருந்தாலும் கும்பிட்டாக வேண்டும் அல்லவா? பண்ணை அழிக்கச் சொன்ன விதையை நாற்பது உறையில் எண் போட்டு மயிலாத்தாளிடம் கொடுத்தேன். அதுவும் குற்றம்தான், இன்னொன்று சேர்ந்தால் என்ன? "வரிசை மாத்திராதே" என்றேன். "எனக்குச் சொல்றீங்ளா?" என்றாள்.

மறுவருட ஐப்பசியில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். தன் வீட்டை ஒட்டிய துண்டு நிலத்தில் விதைத்திருந்தாள். கிணற்றுப் பக்கம் ஒன்று, வரப்பில் நாற்பது. வரப்பில் ஒரு கோணிப்பை விரித்து, தூக்குவாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் தள்ளி உட்கார்ந்தேன்.

பதினொன்று நாற்பதுக்கு இருபத்திரண்டு விரிந்தது. இருபத்து மூன்று. இருபத்து நான்கு. பன்னிரண்டு மணிக்கு எங்கள் பக்கத்தில் நாற்பது விரிந்தது. அதைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று ஐம்பதுக்கு நாற்பது சுருண்டது, முப்பத்தொன்று விரிந்தது. பத்து நிமிடம் போயிற்று. முப்பத்தொன்று மூடியது. முப்பத்திரண்டு விரிந்தது.

முப்பத்து மூன்று. முப்பத்து நான்கு. மயிலாத்தாள் எழுந்து நின்றாள். முப்பத்தைந்திலிருந்து மெதுவாகக் கூப்பிடத் தொடங்கினாள், அன்றைக்குக் கூப்பிட்டது போலத்தான், ஆனால் கத்தவில்லை. எழுந்து அவள் பக்கத்தில் போய் நிற்கலாமா என்று தெரியாமல் உட்கார்ந்தே இருந்தேன். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது கைக்கெட்டும் தூரத்தில் விரிந்து, மூடியது.

மூன்று இருபதுக்கு, எங்கள் முன்னால் நாற்பதாம் வரிசையின் மிச்ச மொட்டுகள் அவ்வளவும் ஒன்றாக விரிந்தன.

மயிலாத்தாள் கூப்பிடுவதை நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, தூக்குவாளி மூடியைத் திறந்தாள். மூன்று தட்டில் சோறு போட்டாள். ஒன்றைப் பூவுக்கு அடியில் வைத்தாள், ஒன்றை என் பக்கம் நகர்த்தினாள்.

"வந்துட்டாருங்க" என்றாள். "உண்ணுங்க, ஆறிப்போகுது."